மேலே நூறு, கீழே நூற்றிருபத்தைந்து

எனக்கு வேகமான வண்டி பிடிக்கும். ஐம்பத்து மூன்று வயதில், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் சீனியர் கிளார்க்காக உட்கார்ந்திருக்கிற ஒருத்தி இதைச் சொன்னால் ஊர் சிரிக்கும். சிரித்தது. எனக்கு என்ன ஆசை இருக்கலாம் என்று ஊரில் எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருந்தது. காசிக்குப் போகலாம், பட்டுச்சேலை எடுக்கலாம், மிஞ்சிப்போனால் சிங்கப்பூர் பார்க்கலாம். அதில் கார் இல்லை. அதுவும் இழுத்தால் முதுகு சீட்டில் ஒட்டுகிற கார் கண்டிப்பாக இல்லை.

எங்கள் வீடு மஞ்சூரில். என் வீட்டுக்காரர் குந்தா பவர் ஹவுஸில் ஆபரேட்டர். முப்பத்தோரு வருடமாக டர்பைன் சத்தத்துக்கு நடுவில் வேலை பார்த்தும் காது கெடாத மனிதர். என் ஃபேக்டரி குந்தா பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து மேட்டில் இருக்கிறது. தினமும் இறங்கி ஏறி, மறுபடி இறங்கி ஏறி வர வேண்டும். நான் முப்பத்தெட்டாவது வயதில் கார் ஓட்டப் பழகியவள். நாலு வருடம் இவருடைய பழைய வேனை உருட்டிப் பழகிவிட்டு, அப்புறம் ஒரு சின்னக் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பதினோரு வருடம் அதுதான் ஓடியது. கடைசி வருடத்தில் ஏற்றத்தில் செகண்ட் கியர் தானாகக் கழன்று கொள்ளும். இடது கையால் கியர் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, வளைவில் ஹாரன் அடிக்க மூன்றாவது கை தேடுவேன். மலையில் செகண்ட் கியர் இல்லாத வண்டி வண்டியே இல்லை. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும் என்று மெக்கானிக் தேதி குறித்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் போனில் அந்தச் செய்தி வந்தது. ஒரு கம்பெனி சின்ன ஸ்போர்ட்டி கார் ஒன்றைக் கொண்டு வரப்போகிறது. படம்கூட இல்லை, இருட்டில் ஒரு பின்பக்க விளக்கு மட்டும் காட்டினார்கள். அதற்கே நான் விழுந்துவிட்டேன். அதற்கப்புறம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் காரைப் பற்றிய ஊகங்களைப் படிப்பதே என் வேலை. தொண்ணூறு குதிரை சக்தி என்று ஒருத்தர் அடித்துச் சொல்வார், நூற்று முப்பது என்று இன்னொருத்தர் சத்தியம் செய்வார். விலை எட்டு லட்சம் என்பார்கள். பதினாலு என்பார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் விடாமல் படித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றிக்கூட நான் இவ்வளவு விசாரித்ததில்லை.

என்னிடம் இருந்தது ஒன்பது லட்சம். என் சம்பளத்தில் நானே சேர்த்தது. அதற்கு மேல் யாரிடமும் ஒரு ரூபாய் கேட்பதில்லை, கடனும் வாங்குவதில்லை என்று எனக்கு நானே சொல்லிவிட்டேன். ஆக எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் நின்றது. அந்தக் கார் ஒன்பதுக்குள் வருமா, வராதா. வந்தால் என்னுடையது. வராவிட்டால் இவரும் மகளும் சேர்ந்து எனக்காகப் பார்த்து வைத்திருக்கும் அந்த உயரக் கூரை வெள்ளைக் கார். கியர் மாற்ற வேண்டாம், ஏறி இறங்க முட்டி மடங்க வேண்டாம், உனக்கு வசதியாக இருக்கும் என்றாள் மகள். எனக்கு என் முட்டியைப் பற்றிக் கவலையே இல்லை என்று சொன்னால் அவளுக்குப் புரியவில்லை. இனிமேல் இன்னொரு கார் வாங்கப்போவதில்லை என்பதால் எனக்கு இது கடைசி வாய்ப்பு.

ஆனி மாதம், நல்ல மூடுபனியில், அந்தக் காரே மஞ்சூருக்கு வந்து சேர்ந்தது.

கெத்தை ரோட்டில் வண்டிகளை ஏற்றி இறக்கிச் சோதிக்கக் கம்பெனிக்காரர்கள் எப்போதாவது வருவார்கள். இந்த முறை வந்தது சின்ன உருவம். உடம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சுருள் சுருளாக ஸ்டிக்கர். பேர் இல்லை, அடையாளம் இல்லை, பின்பக்க விளக்கு மட்டும் போனில் பார்த்த அதே விளக்கு. பேக்கரி வாசலில் நிறுத்திவிட்டு மூன்று பேர் வர்க்கியும் டீயும் சாப்பிட்டார்கள். ஊரே சுற்றி நின்று கேள்வி கேட்டது. அவர்கள் பதிலுக்குச் சிரித்தார்களே தவிர வாய் திறக்கவில்லை. ஒருத்தன் மட்டும் குளிக்க வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். நான் லீவு போட்டேன். வயிற்று வலி என்று காரணம் எழுதினேன்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. மூடுபனிக் காலத்தில் பத்தடிக்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் எல்லோரும் காதால்தான் ரோட்டைப் பார்ப்பார்கள். ஆறு மணி பஸ் ஃபர்ஸ்ட் கியரிலேயே வருகிறது, இன்றைக்குக் கூட்டம் அதிகம் என்பார்கள். இலை லாரி லோடு இல்லாமல் திரும்புகிறது என்பார்கள். பனியில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தே தீர வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். மெக்கானிக்கின் ஷெட் இருக்கும் ஏற்றத்தில் கீழே கோயில் வளைவு, மேலே இலை எடை போடுகிற ஷெட்டின் வளைவு. கீழ் ஹாரனுக்கும் மேல் ஹாரனுக்கும் இடையில் எத்தனை விநாடி என்று பார்த்தால் அந்த வண்டியின் இழுவை தெரிந்துவிடும். புது வண்டி யார் வாங்கினாலும் அப்படித்தான் எடை போடுவோம். டாக்டரின் ஜீப்புக்கு எத்தனை, எஸ்டேட் மேனேஜரின் காருக்கு எத்தனை என்பதெல்லாம் மெக்கானிக் ஷெட்டின் தகரச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கும். என் காருக்கான எண்ணும் உண்டு. அதை இங்கே சொல்ல மாட்டேன்.

அந்தச் சோதனைக் கார் மூன்று நாள் ஏறி இறங்கியது. ஷெட்டில் மெக்கானிக் போனில் விநாடி பார்ப்பார். இவர் மார்னிங் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பார். நான் நிற்பேன். எனக்கு உட்கார முடியவில்லை. கீழே ஹாரன். பனிக்குள் எங்கேயோ ஒரு உறுமல். மேலே ஹாரன். ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் எண்ணைச் சொல்ல, இவர் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். மற்ற வண்டிகளின் விநாடியையும் அவை இந்த மேட்டில் காட்டும் சக்தியையும் வைத்துக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள், இந்த மேட்டில் அது காட்டுகிற சக்தி நூறு என்றார்.

நூறு என்றதும் எனக்கு உள்ளே ஜிலீர் என்றது. நூறு என்றால் விலை எட்டரையைத் தாண்டாது. கையிலிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். நாக்கு சுட்டது.

மெக்கானிக் தலையை ஆட்டினார். மேட்டுக் கழிவைக் கூட்டவில்லையே என்றார். இதுவும் எங்கள் மலைப் பழக்கம்தான். இங்கே காற்று மெலிசு. குக்கரில் அரிசிக்கு ஒரு விசில் கூடுதலாக விட வேண்டும், அதுபோல எந்த இன்ஜினும் ஐந்தில் ஒரு பங்கைக் கீழேயே விட்டுவிட்டுத்தான் மேலே வரும். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் வண்டி இழுக்கவில்லை என்று ஷெட்டுக்கு வந்தால் மெக்கானிக் முதலில் சொல்வது இதைத்தான்.

"கீழ நூறுன்னா மேல எம்பதுங்க அக்கா. அப்ப மேல நூறுன்னா, கீழ நூத்தி இருவத்தஞ்சு. கம்பெனிக்காரன் புஸ்தகத்துல அதத்தான் போடுவான்."

நூற்றிருபத்தைந்து என்றால் அது வேறு ஜாதி வண்டி. பன்னிரண்டு, பதின்மூன்று லட்சம். நான் இவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எண் சம்பந்தப்பட்ட எதிலும் கடைசி வார்த்தை இவருடையது. இவர் கண்ணாடியைக் கழற்றி, அதில் படிந்த பனியைச் சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். சரியாகத்தான் இருக்கும் என்றார்.

அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாத்திரம் கழுவும்போது கொஞ்சம் அழுதேன். வாங்காத காருக்காக அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்ததும் சிரிப்பும் வந்தது. அழுகையும் நிற்கவில்லை.

அடுத்த வாரமே பாலத்து ஏற்றத்தில் என் காரின் செகண்ட் கியர் ஒரேயடியாகக் கையை விரித்தது. இனி காத்திருந்து என்ன பயன். கோயம்புத்தூர் போய் வெள்ளைக் காருக்கு முன்பணம் கட்டினேன். மகள் போனில் இருபது இதயம் அனுப்பினாள். இவர் என்னிடம் அளவுக்கு மீறி அன்பாக நடந்துகொண்டார். காலையில் காப்பி போட்டுக் கொடுத்தார். வெள்ளைக் காரின் சீட் எவ்வளவு உயரம், டிக்கியில் எத்தனை மூட்டை உருளைக்கிழங்கு வைக்கலாம் என்றெல்லாம் தானாகப் பேசினார். எனக்கு அந்தக் கார் நாலு சக்கரம் மாட்டிய டிபன் கேரியர் மாதிரி தெரிந்தது. சொல்லவில்லை. பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்தச் சின்னக் காரை அறிவித்தார்கள். ஆபீஸில் சாப்பாட்டு நேரம். தயிர்சாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு படித்தேன். சக்தி நூறு. டர்போ இன்ஜின். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தும் என் ஒன்பதைத் தாண்டவில்லை. மூன்று தடவை படித்தேன். முதலில் வந்தது சந்தோஷம். அரை நிமிஷம்தான் இருந்திருக்கும். அதற்கப்புறம் வந்த கோபத்தில் தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து ஷெட் வாசலிலேயே இறங்கினேன். மெக்கானிக் செய்தியைப் பார்த்துவிட்டிருந்தார். குற்றவாளி மாதிரி தலையைச் சொறிந்தார். டர்போ காற்றைத் தானே அழுத்தி இன்ஜினுக்கு ஊட்டிவிடும், அதற்கு மேடும் பள்ளமும் ஏறக்குறைய ஒன்றுதான், அதற்குப் போய் மேட்டுக் கழிவைக் கூட்டிவிட்டோம் என்றார். பழக்க தோஷம் அக்கா என்றார்.

"நான் போன்லயே கண்ணா இருந்துட்டனுங்க. டர்போன்னா சன்னமா ஒரு விசில் கேக்கும். சாருக்குக் கேக்காம இருந்திருக்காதே."

அவர் கபடமில்லாமல் சொன்னார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி காருக்கு அடியில் போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்தேன். இவர் சமையல்கட்டில் பலகையைப் போட்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன்.

"ஏனுங்க, அந்தக் கார்ல விசில் சத்தம் கேட்டுச்சுங்களா?"

கத்தியைக் கீழே வைத்தார். "மொத நாளே கேட்டுச்சு."

அதற்கப்புறம் நான் பேசியதை எல்லாம் எழுதினால் மகள் படிக்க முடியாது. என் காசு, என் கார், என் கை, என் கால், இதில் நீங்கள் யார் என்று கேட்டேன். முப்பத்தோரு வருடம் டர்பைன் ஓட்டியவருக்கு டர்போ தெரியாதா என்று கேட்டேன். ஊரே தப்பாகக் கூட்டுகிறபோது, சரியான எண் தெரிந்த ஒரே ஆள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாரே என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில், நான் வளைவில் எங்காவது விழுந்து செத்துவிடுவேன் என்று பயமா, அதையாவது சொல்லுங்கள் என்றேன்.

அப்படியெல்லாம் இல்லை, நீ ஓட்டினால் எனக்குத் தூக்கமே வந்துவிடும், அவ்வளவு நம்பிக்கை என்றார். நறுக்கிய பீன்ஸைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி ஒதுக்கி வைத்தார்.

"நீ ஸ்டியரிங்கப் புடிச்சா உன்ற மொகமே மாறிப் போகுது. பக்கத்துல நான் உக்காந்திருக்கறதே உனக்கு ஞாபகம் இருக்கறதில்ல. கியர் நிக்காத வண்டிக்கே அப்படி. அடுத்த வருசம் நான் ரிட்டையர் ஆயிருவேன். இந்த வண்டியும் வந்துட்டா நீ ரோட்டுல, ஊட்ல இருக்கறது நான் ஒருத்தன்தான்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் வரவில்லை. வண்டி முதல் வளைவைத் திரும்பியதும் நான் யாருக்கும் மனைவி இல்லை, அம்மா இல்லை, கிளார்க் இல்லை. கைக்கும் காலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு காரியம் நடக்கிறது, அதில் வேறு யாருக்கும் இடம் இல்லை. அந்தச் சுகத்தை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். பக்கத்து சீட்டிலிருந்து இத்தனை வருடமாக ஒருத்தர் பார்த்திருக்கிறார். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு மீதி பீன்ஸை நான் நறுக்கினேன்.

மறுநாள் காலையில் இவரே ஷோரூமுக்குப் போன் செய்து வெள்ளைக் காரை ரத்து செய்தார். முன்பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள், அதைத் தன் கையிலிருந்து எடுத்து என் ஒன்பதோடு சேர்த்து வைத்தார். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்குவதில்லை என்ற என் வீராப்பை அந்த ஒரு தடவை மடித்து வைத்தேன். இது அபராதம், வாங்கலாம். என்ன கலர் என்று கேட்டார். சிவப்பு என்றேன். சிவப்பா என்றார், அவ்வளவுதான்.

ஐப்பசியில் கார் வந்தது. கோயம்புத்தூரில் வண்டியை எடுத்து, காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி வழியாகக் கெத்தை ஏறி வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவு. வழியில் ஆரஞ்சு வாங்கினோம். நான் மனசுக்குள் ஒரு கண்டிஷன் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு வழி முழுக்க இவரிடம் பேசிக்கொண்டே வர வேண்டும். ஐந்து வளைவுக்கு ஒரு தடவையாவது. என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்தேன். மகளின் மாமியார், பக்கத்து வீட்டுக்காரரின் பூண்டு விளைச்சல், இவருடைய ரிட்டையர்மென்ட் விருந்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது.

வெள்ளியங்காடு வரை நன்றாகவே பேசினேன். மகளின் மாமியார் விஷயம் முடிந்துவிட்டது. முள்ளி செக்போஸ்ட்டில் இவர் இறங்கிப் பதிவேட்டில் வண்டி எண்ணை எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார். காட்டுக்குள் ரோடு காலியாக இருந்தது. முதல் வளைவில் செகண்டுக்கு மாற்றினேன். கியர் நின்றது. ஒரு வருடத்துக்கப்புறம் இடது கை சும்மா இருந்தது. காலை அமுக்கியதும் அந்தச் சன்ன விசில் எழுந்தது, அதன் பின்னால் வண்டி எழுந்தது. அடுத்த வளைவு. அதற்கடுத்த வளைவு.

வீட்டு வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். எனக்கு மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, கன்னம் வலித்தது. முள்ளியிலிருந்து இங்கே வரை ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். இவர் மடியில் கைக்குட்டை விரித்திருந்தது. அதில் உரித்த ஆரஞ்சுச் சுளைகள், நார் எடுத்து, கொட்டை எடுத்து, வரிசையாக.

"எப்ப உரிச்சீங்க?"

"யானைக் கூட்டத்தத் தாண்டுனோமே, அங்க."

எனக்கு யானை எதுவும் ஞாபகம் இல்லை. ஏன் அப்போதே கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"குடுத்தேன். ரெண்டு தடவ."

சுளைகள் கைச்சூட்டில் வாடிப்போயிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றை நானும் ஒன்றை அவருமாக, வண்டிக்குள் உட்கார்ந்தபடியே தின்று முடித்தோம். அதுவரை அவர் இறங்கவில்லை.